கடல் கடந்து ஒரு கல்யாணம்: வடசென்னையிலிருந்து புறப்படும் விருந்தாளிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ சொந்தம் உள்ள குடும்பங்கள் ஏராளம். அக்கா மகளுக்குக் கோலாலம்பூரில் முகூர்த்தம் என்று பத்திரிகை வந்ததும் முதலில் புடவைக் கடைக்குத்தான் கால் போகிறது. பாஸ்போர்ட், டிக்கெட், மூட்டை முடிச்சு எல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகின்றன. விளைவு, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய பெண்ணின் அப்பா, விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட நம்மை மீட்க ஓடிக்கொண்டிருப்பார்.

கல்யாண வீட்டாருக்கு நாம் செய்யும் முதல் சீர், அவர்களுக்குச் சுமையாகாமல் போய் இறங்குவதுதான். அதற்குச் சென்னையிலேயே முடிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நம்மவர்கள் அதிகம் போகும் மலேசியாவையும் சிங்கப்பூரையும் மையமாக வைத்திருக்கிறேன். மற்ற நாடுகள் தேவையான இடங்களில் வரும்.

பத்திரிகை வந்த அன்றே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்பது போதாது. அந்த நாட்டில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு. சிறுவர்களுக்கு ஐந்தே ஆண்டு. நம்முடையது செல்லும் என்பதால் பிள்ளையுடையதும் செல்லும் என்று நினைத்துவிடுவது சகஜம். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நனைந்து தாள் ஒட்டிக்கொண்ட, படம் மங்கிய பாஸ்போர்ட்டைச் சேதமடைந்ததாகவே கருதுவார்கள். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

புதுப்பிக்க விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. சென்னையில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நம் பக்கத்திலிருந்து அமைந்தகரைதான் அருகில். போலீஸ் சரிபார்ப்பின்போது விண்ணப்பத்தில் உள்ள முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். வாடகை வீடு மாறியிருந்தால் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். என்று இருக்கும். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. மலேசியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் குடிபெயர்வு அனுமதி தேவை. கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதில்லை. ஆனாலும் சென்னை குடிவரவு மேசையிலேயே கேள்வி வரலாம். திரும்பி வரும் டிக்கெட்டையும் பத்திரிகையையும் கையில் வைத்திருங்கள். பதற்றம் வேண்டாம்.

பெயர்: நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கல்யாணமான பெண்ணுக்கு ஆதாரில் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்று இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை ஓர் எழுத்து மாறாமல் அடியுங்கள். வாட்ஸ்அப்பில் பெயரைச் சொல்லி ஏஜென்டிடம் விடாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தை அனுப்புங்கள். டிக்கெட் வந்ததும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு விமான நிறுவனங்கள் பணம் வாங்கும். சில டிக்கெட்டுகளில் மாற்றவே முடியாது.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் எடுக்குமுன் அந்த விமான நிறுவனத்திடமே எப்படி நிரப்புவது என்று கேட்டுவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வழி வேறு. ஒன்று அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், மற்றொன்று வேறு குறியீட்டைச் சொல்லும். துபாய், அபுதாபி கல்யாணம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தியது. இது சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

விசாவும் வருகை அட்டையும்

மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் போய் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மின்னணு வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். வீட்டில் எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை அட்டை வேண்டும். தாத்தா பாட்டியுடையதைப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். சென்னையிலிருந்து விண்ணப்பிப்பதென்றால் அங்கீகாரம் பெற்ற ஏஜென்டுகள் வழியாகத்தான். விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். ஏஜென்டின் கூலி தனி. அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள சொந்தக்காரர் அறிமுகக் கடிதம் கொடுத்தால் நல்லது. பயணத்துக்கு மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது கொடுத்துவிடுங்கள். இங்கேயும் வருகை அட்டை உண்டு, அதுவும் இலவசம், அதே மூன்று நாள் கணக்கு.

ஜொகூர் பாருவில் கல்யாணம் என்றால் கவனியுங்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பாலம் கடந்தால் ஊர் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் போனால் சிங்கப்பூர் விசாவும் வேண்டும், இரண்டு நாட்டு வருகை அட்டைகளும் வேண்டும். கோலாலம்பூரில் இறங்கிச் சாலை வழியாகப் போனால் மலேசிய அட்டை மட்டும் போதும். பெரிய கூட்டமாகப் போகும் குடும்பத்துக்கு என் தேர்வு கோலாலம்பூர்தான். பினாங்கு பக்கம் கல்யாணம் என்றால், சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. முதலில் அதைத் தேடுங்கள்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பா என்றால் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு விசா வேலையைத் தொடங்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், அழைப்பவரின் கடிதமும், இங்கே உங்களுக்கு வேலை, வீடு, குடும்பம் இருப்பதற்கான ஆதாரங்களும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சமையல்காரர், நாதஸ்வரக் குழு, மேக்கப் செய்பவர், போட்டோகிராபர் என்று இங்கிருந்தே ஆட்களைச் சொந்தக்காரர் கணக்கில் கூட்டிப் போகும் வழக்கம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர் விருந்தாளி ஆகமாட்டார். அவருக்கு அந்த நாட்டின் வேலை அனுமதி வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் அந்தக் கலைஞரின் பிழைப்பே போய்விடும்.

டிக்கெட்: நள்ளிரவுத் தேதிக் குழப்பம்

சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவையொட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 14ஆம் தேதி 00.10, அதாவது நள்ளிரவு 12.10 என்று இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 13ஆம் தேதி சாயங்காலம். 14ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். காலண்டரில் 13இல் எழுதி வையுங்கள். வண்டி சொல்லும்போதும் 13 என்றே சொல்லுங்கள்.

மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஏழு மணி முகூர்த்தம் என்றால் நம் உடம்புக்கு அது விடியற்காலை நாலரை. ஆகவே முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுங்கள். விமானம் தாமதமானாலும் பெட்டி வந்து சேராவிட்டாலும் அந்த இரண்டு நாள் கைகொடுக்கும். கல்யாணத்தன்று காலையில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகும் திட்டத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மலிவுக் கட்டண விமானங்களில் பல டிக்கெட்டுகளுக்குக் கையில் கொண்டுபோகும் ஏழு கிலோ மட்டுமே சேர்த்தி. பெட்டிக்குத் தனியாகப் பணம். அதை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் பல மடங்கு ஆகும்.

பெட்டியில் எது போகும், எது போகாது

நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் போவதென்றால் பூவும் பழமும் பலகாரமும் சீர்த்தட்டும் இல்லாமல் கை நீளாது. அந்த அன்பு முழுக்க நியாயமானது. ஆனால் அதில் பாதி விமானத்தில் ஏறாது.

கற்பூரம், தீப்பெட்டி, மத்தாப்பு எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, தீப்பற்றும் பொருள்கள். கொப்பரைக்கும் அதே கதிதான், எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானே சூடேறும் தன்மை அதற்கு உண்டு. தாம்பூலத் தேங்காயை இங்கிருந்து சுமக்காதீர்கள். நெய், ஊறுகாய், தேன், எண்ணெய் எல்லாம் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், மிளகாய்த்தூளை அறவே விடமாட்டார்கள். இவற்றை நன்றாகக் கட்டி, அந்த நாடு அனுமதிக்கும் என்றால் சரக்குப் பெட்டியில் வையுங்கள். குத்துவிளக்கு, பாக்குவெட்டி, கத்தரிக்கோலுக்கும் சரக்குப் பெட்டிதான் இடம். பவர் பேங்க் மட்டும் தலைகீழ்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் 2025 முதல் அதை விமானத்துக்குள் பயன்படுத்தவும் தடை விதித்துவிட்டன.

கசகசா பலருக்குத் தெரியாத ஆபத்து. நம் குருமாவிலும் பிரியாணி மசாலாவிலும் சாதாரணமாகச் சேரும் அந்தப் பொருள் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடி கொண்டுபோவதென்றால் கசகசா இல்லாமல் அரையுங்கள். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்கும் சூயிங்கம்முக்கும் மின்சிகரெட்டுக்கும் தடை. சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை ஒரு குச்சிக்குக்கூட இல்லை.

காசிமேட்டுக் கருவாடு கேட்டு அங்குள்ள பெரியம்மா ஏங்குவார், எனக்கும் புரிகிறது. மீன், இறைச்சி, செடிகொடி சம்பந்தப்பட்ட எதையும் அந்த நாட்டின் விதியைப் படிக்காமல் கட்டாதீர்கள். ஆட்டுக்கறி ஊறுகாய், கோழித் தொக்கு மாதிரியானவை வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பு. பால் இனிப்பு, விதை, இலை, பூ எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம்.

பூவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கத்திலும் மல்லிகைச் சரம், மாலை, வெற்றிலை, வாழையிலை எல்லாம் கிடைக்கும். எம்.சி. ரோட்டில் வாங்கிய பட்டும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் வாங்கிய வெள்ளிக் குங்குமச் சிமிழும் இங்கிருந்து போகட்டும். வாடும் பொருளை அங்கேயே வாங்குங்கள்.

முகூர்த்தத்துக்கு உடுத்தும் ஒரு முழு உடையும் நகையும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். நகையைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. நிறைய நகை போட்டுப் போகிறவர்கள் கிளம்பும்போதே சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, இது நான் கொண்டுபோனதுதான் என்று காட்ட அந்தத் தாள்தான் உதவும். நகைக் கடை ரசீதையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள்.

பாரிமுனை, மண்ணடி வட்டாரத்தில் குருவி என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும், கூலிக்கு அடுத்தவர் பொருளை விமானத்தில் சுமந்து போகிறவர். டிக்கெட் காசு தருகிறோம், ஒரு பார்சலை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரிந்தவர், தெருக்காரர், நெருங்கிய சொந்தம், யாராக இருந்தாலும் சரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் வழக்குக்கு மரண தண்டனை வரை உண்டு. பெட்டியில் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது மிகக் கடினம். நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டிய பெட்டி மட்டும் உங்களோடு வரட்டும்.

பணமும் மொய்யும்

மொய்யை அந்த ஊர்ப் பணத்தில், உறையில் பெயர் எழுதி வையுங்கள். ரூபாயாகக் கொடுத்தால் மாற்றும் வேலை கல்யாண வீட்டார் தலையில் விழும். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள பணமாற்று நிலையத்தில், பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் காட்டி மாற்றி ரசீது வாங்குங்கள். விமான நிலையத்தில் மாற்றினால் விலை கட்டாது. இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். ஏ.டி.எம். கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் விலையை ஏற்றிக் கணக்கிடுவார்கள்.

மலேசியா, சிங்கப்பூர், துபாய் மூன்றிலும் சுவர்ப் பிளக் மூன்று பட்டைக் கால் கொண்டது. பர்மா பஜாரில் அடாப்டர் கிடைக்கும்.

பெரியவர்களோடு போகும்போது

அறுபது, எழுபது வயதில் முதல் விமானப் பயணம் போகும் அம்மா, அத்தை, மாமாவுக்கு டிக்கெட்டோடு சக்கர நாற்காலியும் பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவர்களும் தயங்க வேண்டியதில்லை. பெரிய விமான நிலையங்களில் நடை நீளம். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு, பயண நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் முன்அனுமதி வேண்டுமா என்று பார்க்காமல் கொண்டுபோகக் கூடாது. பயணக் காப்பீட்டைத் தவறாமல் எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்க்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு குழந்தை போவதாக இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றின் நகலும் வேண்டும்.

வீட்டிலிருந்து விமான நிலையம்

இந்த ஒரு விஷயத்தில் வடசென்னைக்குப் பெரிய வசதி வந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபின், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் எங்கும் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். நள்ளிரவு விமானத்துக்கு மாலை ஏழு மணி வாக்கில் மெட்ரோ ஏறுவது எனக்குப் பிடித்த வழி. அலுவலகக் கூட்டம் இருக்கும். ஆனாலும் அண்ணா சாலை நெரிசலைப் பற்றிய கவலை இருக்காது. ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி என்றால் இது சரி. சீர்ப் பெட்டிகளும் பாட்டியும் சேர்ந்தால் வேன்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு முன் மெட்ரோ கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினாலும் எதிரே விமான நிலையம். ஆனால் பெட்டிகளோடு படியேற வேண்டும்.

வேனில் போகிறவர்கள், எண்ணூர், மணலி பக்கமானால், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கென்று ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கணேசபுரம் மாதிரியான சுரங்கப்பாதைகளை நம்பி நேரம் கணக்கிடாதீர்கள். தண்ணீர் தேங்கினால் மூடிவிடுவார்கள். சுற்றுவழியை ஓட்டுநரிடம் முதலிலேயே பேசி வையுங்கள்.

வெளிநாட்டு விமானங்களுக்கு முனையம் 2. மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருங்கள். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுன்டரை மூடிவிடுவார்கள். வழியனுப்ப வரும் கூட்டத்துக்கு உள்ளே இடமில்லை. ஆரத்தி, விபூதி எல்லாம் வீட்டு வாசலிலேயே முடியட்டும்.

இறங்கியதும்

விசா இல்லை என்பதால் கேள்வி இல்லை என்று பொருளல்ல. கோலாலம்பூர் குடிவரவில் திருப்தி இல்லாவிட்டால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, கல்யாணப் பத்திரிகை, அழைத்தவரின் தொலைபேசி எண், செலவுக்குப் பணம் ஆகிய ஐந்தையும் தாளாக, ஆளுக்கு ஒரு உறையில் வையுங்கள். எல்லோர் உறையையும் அண்ணன் ஒருவரே வைத்திருந்தால், அவர் வேறு வரிசையில் நிற்கும்போது அம்மா திகைத்துப் போவார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் சொந்தக்காரர் கல்யாணம், இத்தனை நாள், இந்த முகவரி என்று மூன்றே செய்தி சொல்லுங்கள்.

கோலாலம்பூர் விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். எங்களை அழைத்துப் போக வாருங்கள் என்று கல்யாண வீட்டைக் கேட்காதீர்கள். விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் சேர்க்கும், பிரிக்பீல்ட்ஸ் அதை ஒட்டியே இருக்கிறது. கூட்டமாக இருந்தால் கிராப் செயலியில் பெரிய வண்டி பதிவு செய்யலாம். செயலியைச் சென்னையிலேயே இறக்கி, எண்ணைப் பதிவு செய்து வையுங்கள். தங்குவதும் அப்படியே. கல்யாண வீட்டில் இடம் இருக்கிறது என்று அவர்கள் அன்பாகச் சொன்னாலும், மண்டபத்துக்குப் பக்கத்தில் அறை எடுப்பதே நல்லது. குளியலறைக்கு முன்னால் காத்து நிற்பவர்களில் மணப்பெண்ணும் ஒருத்தியாக இருக்கக் கூடாது.

திரும்பும்போது

அங்கே நகைக் கடையில் விலை பார்த்து மனம் இழுக்கும். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு இல்லை. புதுத் தங்கம் வாங்கினால், சென்னைச் சுங்கச் சோதனையில் வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் நகையும் போகும், வழக்கும் வரும். பழைய நகைக்கு, போகும்போது வாங்கிய ஏற்றுமதிச் சான்றைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு மேல் இறங்கினால் மெட்ரோ ஓடாது. வண்டியை முன்பே சொல்லி வையுங்கள்; வேன்காரரிடம் விமான எண்ணைக் கொடுத்துவிட்டால் தாமதத்தை அவரே பார்த்துக்கொள்வார்.